கொடைக்குப் பூட்டிய சந்து

மதினி, இந்த வருஷம் நம் அம்மன் கோயில் ஆடிக் கொடைக்கு நாங்கள் வருவதில் ஒரு சிக்கல் வந்திருக்கிறது. கோபப்படாமல் கடைசிவரை கேளுங்கள். அண்ணனிடம் நீங்கள் ஒரு காரியம் கேட்டுச் சொல்ல வேண்டும். அது என்னவென்று இப்போதே சொன்னால் எனக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்பீர்கள். அதனால் நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன்.

போன ஆடியில் நாங்கள் எல்லோரும் வந்திருந்தோம் அல்லவா? கொச்சி மட்டாஞ்சேரியில் எங்கள் சந்து முழுக்க நம் ஊர்ச் சனம்தான். அம்மனுக்குக் கொடை என்றால் வீட்டுக்கு வீடு பூட்டைப் போட்டுவிட்டுக் கிளம்பிவிடுவோம். வேனிலிருந்து நாங்கள் இறங்க இறங்க, "கொச்சியே காலியாயிட்டு போலிருக்கே" என்று நீங்கள்கூடச் சிரித்தீர்கள். நீங்கள் விளையாட்டாகச் சொன்னதை அரசாங்கம் நிஜமாகவே எழுதிக்கொண்டது.

நாம் அங்கே பொங்கல் வைத்த அதே வாரம், அங்கன்வாடிகளைப் பார்த்துக்கொள்ளும் ஆபீசிலிருந்து ஆள் வந்து, இந்தச் சந்தில் சின்னப் பிள்ளைகள் எத்தனை என்று எண்ணியிருக்கிறார்கள். மழையில் நனைந்துகொண்டு ஒவ்வொரு கதவாகத் தட்டியிருக்கிறார்கள். ஒரு கதவும் திறக்கவில்லை. "பிள்ளைகள் இல்லை" என்று எழுதிக்கொண்டு போய்விட்டார்கள். எங்கள் அங்கன்வாடி தன்யா டீச்சர் இருந்திருந்தால் சொல்லியிருப்பாள். ஆனால் கணக்கெடுக்க வருகிறவர்களுக்கு ஒத்தாசை செய்வது எப்படி என்று சொல்லிக்கொடுக்க, அந்த வாரம் அவளை எர்ணாகுளத்துக்குக் கூட்டிக்கொண்டு போயிருந்தார்கள்.

பிள்ளைகளே இல்லாத சந்துக்கு அங்கன்வாடி எதற்கு என்று, பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிற இன்னொன்றோடு இதைச் சேர்க்கப் போவதாகத் தகவல் வந்தது. பாக்கியாவைப் பஸ் ஏற்றி அங்கே விட்டுவிட்டுத் திரும்பி, நான் சுக்குச் சலிக்கிற கோடௌனுக்கு நேரத்தில் போய்ச் சேர முடியாது. சல்லடையை இன்னொருத்தி பிடித்துவிடுவாள். இவர் எர்ணாகுளம் பிராட்வே பாத்திரக் கடைக்கு விடிந்ததும் போனால் இருட்டியதும்தான் வருவார். "புள்ளைய ஊர்ல கொண்டு விட்டுருவோம்" என்றார். நீங்களும் போனில், "கொண்டாந்து விடு, நான் பாத்துக்கிடுதேன்" என்றீர்கள். உங்கள் நல்ல மனசு எனக்குத் தெரியும் மதினி. ஆனால் மூன்று வயசுப் பிள்ளையை அங்கே விட்டுவிட்டு எனக்கு இங்கே சோறு இறங்குமா? அந்தப் பயத்தில்தான் இத்தனைக்கும் தலையைக் கொடுத்தேன்.

இங்கே பழைய மிளகு கோடௌன் ஒன்றுக்கு வெள்ளையடித்து, ஏசி போட்டு, மக்கள்தொகை அறிவு மையம் என்று பலகை மாட்டியிருக்கிறார்கள். அந்த மையத்துக்காரர்கள் எங்கள் சந்துக்கு வந்து வீடு வீடாக உட்கார்ந்து பேசி, சாயா குடித்து, பெரிய ஆராய்ச்சியே செய்திருந்தார்கள். குறை சொல்லக்கூடாது. ஆபீஸ்காரர்கள் பூட்டிய கதவைத்தான் எண்ணினார்கள், சந்தில் பிள்ளைகள் நிறைய இருக்கிறார்கள் என்று மையத்துக்காரர்கள் ஒழுங்காகவே கண்டுபிடித்து, தலையணை கனத்துக்குப் புத்தகமும் போட்டுவிட்டார்கள்.

அதைக் கேள்விப்பட்டு, நாங்கள் சொன்னால் ஆபீசில் எடுபடாது, படித்தவர்கள் சொன்னால் எடுபடும் என்று நானும் பக்கத்து வீட்டுச் சீனியம்மாளும் மையத்துக்குப் போனோம். டைரக்டர் பெயர் ராமபத்ரன். பாலக்காட்டுக்காரர். எங்களை உட்காரச் சொல்லிச் சாயா வரவழைத்தார். எனக்கு நாற்காலியின் நுனியில்தான் உட்கார முடிந்தது.

"சாரே, நீங்க கண்டுபிடிச்சத அந்த ஆபீஸ்ல சொல்லிருங்க. அது போதும் எங்களுக்கு" என்றாள் சீனியம்மாள்.

"சொல்றதா? சும்மா அப்படிப் போய்ச் சொல்லிட முடியாது கேட்டேளா. ஆராய்ச்சி பண்றது பாதி வேலை. அதைக் கொண்டுபோய்ச் சேக்கறதாக்கும் மீதி. அதுக்குன்னே ஒரு சயன்ஸ் இருக்கு."

"போன்ல சொன்னா ஆவாதா?"

"போன்ல சொன்னா அது வெறும் தகவல். நாங்க பண்றது கம்யூனிகேஷன்."

சீனியம்மாள் என்னைப் பார்த்தாள். நான் சாயாவைப் பார்த்தேன். அவர் என்னிடம் திரும்பி, "உம் பேரு என்ன? சங்கரியா? நன்னாயிருக்கு. நாங்க முதல்ல பொதுஜனத்துக்கு விளக்கி, அவாளுக்குப் புரிஞ்சப்பறமாக்கும் அதிகாரிகள்கிட்டப் போறது. எங்களுக்கு ஒரு பொதுஜனம் வேணும். நீ இரேன்" என்றார்.

பாக்கியாவை நினைத்துக்கொண்டு சரி என்றேன். அன்றிலிருந்து, கோடௌன் வேலை முடிந்ததும் சுக்குத் தூசியோடு அங்கே போய்ப் பொதுஜனமாக இருந்தேன்.

ஆராய்ச்சியை ஜனங்களுக்கு விளக்குகிற பொறுப்பு ஸாதனா என்ற பெண்ணுக்கு. நல்ல பெண். என்னை இருட்டு அறையில் உட்கார வைத்து, சுவரில் கலர் கலராகக் கோடும் வட்டமும் காட்டி, எங்கள் சந்தைப் பற்றி எனக்கே மணிக்கணக்காக விளக்கினாள். பருவகால இடப்பெயர்வு, பண்பாட்டு உந்துதல், தற்காலிக வெறுமை என்றெல்லாம் வந்தது. முடித்துவிட்டு, "மனசிலாச்சா?" என்று கேட்டாள்.

பயத்தில், "ஆச்சு மேடம்" என்றேன்.

அவள் முகம் வாடிவிட்டது. "முதல் தடவையே எப்படி ஆகும்? பொதுஜனத்துக்கு முதல் தடவை புரியாதுன்னு நாங்க ஆராய்ச்சி பண்ணியிருக்கோம். பயப்படாம உண்மையச் சொல்லுங்க சங்கரி."

"புரியல மேடம்."

"வெரி குட்."

மறுநாள் இன்னும் எளிமையாக்கிக் காட்டினாள். புரியவில்லை என்றேன். பாராட்டினாள். அதற்கடுத்த நாள் வட்டமெல்லாம் போய், ஒரு வீடு, ஒரு பூட்டு, ஒரு வேன் மட்டும் சுவரில் இருந்தது. "இப்போ? உங்க பாஷையில சொல்லுங்க பாப்போம்."

"எல்லாரும் அம்மன் கோயில் கொடைக்குப் போயிட்டோம். அப்ப வந்து எண்ணிட்டாங்க. இப்ப திரும்பி வந்தாச்சு."

அறையில் இருந்த எல்லோரும் கைதட்டினார்கள். ஸாதனாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "எக்ஸாட்லி! இதான் எங்க புத்தகத்தோட சாரம்" என்றாள். அப்படியானால் இதை எழுதிக் கொடுத்துவிடுவார்கள், வேலை முடிந்தது என்று எனக்குச் சந்தோஷம். வரும் வழியில் பாக்கியாவுக்குப் பழம்பொரி பஜ்ஜி வாங்கிக்கொண்டு போனேன்.

மறுநாள் போனால் நிகில் என்று ஒரு புதுத் தம்பி உட்கார்ந்திருந்தான். அதிகாரிகளின் மனசைப் படிப்பது அவன் படிப்பு. என் வாக்கியத்தைச் சுவரில் பெரிதாக ஒட்டி வைத்து, அதன் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"இதுல பிரச்சனை இருக்கு சேச்சி. 'அப்ப வந்து எண்ணிட்டாங்க'ங்கறப்போ, எண்ணினவங்க தப்புப் பண்ணின மாதிரி ஒரு ஃபீல் வருது."

"தப்புத்தானே?" என்று கேட்டது சீனியம்மாள். என்னைத் தனியாக அனுப்பக்கூடாதென்று அன்றைக்குக் கூட வந்திருந்தாள்.

நிகில் கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டான். "அந்த வார்த்தைய இந்தக் கட்டடத்துக்குள்ள உபயோகிக்க வேண்டாம் சேச்சி. அதிகாரிகிட்ட அதச் சொன்னா அப்புறம் காது கேக்காது. சுட்டுப் போட்டாலும் கேக்காது. நாங்க வேற மாதிரி சொல்லுவோம். கணக்கெடுப்பு சரியாத்தான் நடந்தது. சந்துதான் அன்னிக்கு அதுக்கு ஒத்துழைக்கல."

"அப்போ தப்பு எங்களுதா?"

"யாருதும் இல்ல சேச்சி. தப்பே நடக்கல. அதான் நம்ம மெசேஜ்."

"தப்பே நடக்கலேன்னா அங்கன்வாடிய மூடுதது சரிதானே?"

நிகில் அதை நோட்டில் குறித்துக்கொண்டான். "நல்ல கேள்வி. அது அடுத்த கட்டத்துல வரும்" என்றான்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் சீனியம்மாள் என்னை வைதுகொண்டே வந்தாள். "இவனுக வாயில வச்சு மென்னு மென்னு, கடைசில நமக்குச் சக்கையும் மிஞ்சாது பாத்துக்கோ."

அடுத்த கட்டம் லிப்ட். பெரிய அதிகாரிகளுக்கு நேரமே இருக்காதாம். அவர்கள் லிப்டில் ஏறி இறங்குகிற நேரத்துக்குள் எந்த ஆராய்ச்சியையும் சொல்லி முடித்துவிட வேண்டுமாம். வெளிநாட்டிலெல்லாம் அப்படித்தான் சொல்லுகிறார்களாம். மட்டாஞ்சேரியில் ஓட்டு வீடும் கோடௌனும்தான். மையத்துக்கே லிப்ட் கிடையாது. அதனால் இடப்பள்ளியில் ஒரு பெரிய மாலுக்கு என்னை வண்டி வைத்துக் கூட்டிப்போனார்கள்.

நிகில் அதிகாரியாக நடித்தான். ஸாதனா கையில் கடிகாரம். நான் மறுபடியும் பொதுஜனம். கீழே கதவு மூடும், நான் ஆரம்பிப்பேன், மேலே கதவு திறக்கும்போது முடித்திருக்க வேண்டும். முதல் தடவை "வணக்கம்" சொல்லி முடிப்பதற்குள் கதவு திறந்துவிட்டது. நடுவில் யாராவது பொத்தானை அமுக்கி ஏறினால் நிகில், "ரீடேக்" என்பான், எல்லோரும் மறுபடி கீழே போவோம். மால் காவலாளி எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரு தடவை, பெரிய பையோடு ஒரு மலையாளி அம்மா ஏறினார்கள். நான் சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டு, தமிழும் மலையாளமுமாக, "அய்யோ, அது கஷ்டமாச்சே மோளே! பிள்ளைக இருக்கில்லே, பின்ன எதுக்கு மூடுறது? யாருகிட்டப் பறயணும், சொல்லு. எங்க அண்ணன் அந்த ஆபீஸ்லயாணு" என்றார்கள்.

நான் வாயைத் திறப்பதற்குள் ஸாதனா சிரித்துக்கொண்டே, "தேங்க்யூ சேச்சி. ஆனா இப்போ ரிகர்சல்தான். நிகழ்ச்சி அடுத்த மாசம்" என்றாள்.

கதவு திறந்தது. அந்த அம்மா பையோடு கூட்டத்தில் போய்விட்டார்கள். நான் பின்னாலேயே ஓடியிருக்க வேண்டும் மதினி. அடுத்த ரவுண்டுக்குக் கதவு மூடிக்கொண்டிருந்தது.

இதற்குள் மையத்தில் ஒரு புது முடிவு எடுத்துவிட்டார்கள். இந்தக் காலத்தில் ஜனங்களுக்குப் பேச்சு எட்டாது, கலைதான் எட்டும் என்று. வருஷக் கடைசியில் இந்தப் பக்கத்துக் கோடௌன்களில் படமும் சிலையும் பார்க்க வெள்ளைக்காரர்கள் வருவார்கள். கயிற்றில் ஒரு சட்டையைத் தொங்கவிட்டால்கூட நின்று பார்ப்பார்கள். அது இவர்கள் கண்ணில் பட்டுவிட்டது.

ஒரு நாள் சாயங்காலம் பாக்கியாவைக் கூப்பிடப் போனால் அங்கன்வாடியில் பிள்ளைகளெல்லாம் தரையில் உட்கார்ந்திருக்கிறார்கள். தன்யா டீச்சர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

"குட்டிகளோட கசேரயெல்லாம் கொண்டுபோயிட்டாங்க சங்கரி. உங்க மையத்துக்காரங்க."

"எதுக்கு டீச்சர்?"

"நம்ம அங்கன்வாடிய ரக்ஷிக்கான்!" என்று சொல்லித் தலையில் அடித்துக்கொண்டாள். "டைரக்டர் சார் நேரிட்டு வந்து கேட்டப்போ நான் எந்து பறயான்? இப்போ உப்புமாவில உறும்பு. இவங்க ரக்ஷிச்சு முடிக்கறதுக்குள்ள குட்டிகளே ஓடிப்போகும்."

அந்தச் சின்ன நாற்காலிகள் உங்களுக்குத் தெரியாது. சிவப்பும் நீலமுமாக இருக்கும். பிள்ளைகள் சண்டை போடாமல் இருக்க, ஒவ்வொன்றின் முதுகிலும் டீச்சர் நகப்பாலிஷில் ஒரு அடையாளம் போட்டிருப்பாள். பாக்கியாவுடையதில் மீன்.

நிகழ்ச்சி நாள் வந்தது. மையத்துக் கோடௌன் நடுவே எல்லா நாற்காலிகளையும் வரிசையாகப் போட்டு, மேலே ஒவ்வொன்றுக்கும் ஒரு விளக்கு. சுற்றிலும் கயிறு. எங்கிருந்தோ ஒரு தாலாட்டு மெதுவாகக் கேட்டுக்கொண்டிருந்தது. நாற்காலிகளில் யாரும் இல்லை. வெளியே, தொடாதீர்கள் என்று மூன்று பாஷையில் எழுதியிருந்தது. சந்தில் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்பது மட்டும் எந்தப் பாஷையிலும் இல்லை. கேட்டதற்கு ஸாதனா, "அத நாமளே சொல்லிட்டா பாக்கறவங்க என்ன சங்கரி யோசிப்பாங்க?" என்றாள்.

அங்கன்வாடி ஆபீசில் முடிவெடுக்கிற அதிகாரி சீதாலக்ஷ்மி மேடம் வந்தார்கள். முப்பாட்டன் காலத்திலேயே கொச்சிக்கு வந்த தமிழ்க் குடும்பம், தமிழ் நன்றாகப் பேசினார்கள். குத்துவிளக்கு ஏற்றினார்கள். அவர்களுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். பிறகு ராமபத்ரன் சார் பேசினார்.

"ஒரு சின்ன விஷயம். ரொம்பச் சின்ன விஷயம். இந்தச் சின்ன விஷயத்தைச் சொல்ல எங்க மையம் எவ்வளவு பாடுபட்டிருக்குங்கறதுக்கு இந்த ஹாலே சாட்சி. புத்தகம் போட்டோம். புத்தகத்தைச் சுருக்கினோம். சுருக்கினதைப் படமாக்கினோம். படத்துலேந்து எழுத்தை எடுத்தோம். இன்னிக்கு உங்க முன்னால இருக்கறதுல ஒரு வார்த்தை கூடக் கிடையாது. இதைவிடத் தெளிவாச் சொல்ல உலகத்துல யாராலயும் முடியாது!"

எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். வாசல் பக்கம் நின்ற சீனியம்மாள் மட்டும் தட்டவில்லை.

சீதாலக்ஷ்மி மேடம் கயிற்றோரம் வந்து நின்றார்கள். காலியான நாற்காலிகளை வெகுநேரம் பார்த்தார்கள். கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். "மனச என்னமோ பண்றது" என்றார்கள். "எங்க ஆபீஸ்ல வெறும் நம்பராப் பாத்துட்டு, முடிவெடுக்கலாமா வேண்டாமான்னு இழுத்துண்டே இருந்தேன். குழந்தைகளே இல்லாத இடம்னா எப்படியிருக்கும்னு இன்னிக்குத்தான் புரியறது. தாமதிக்கப்படாது. இந்த வாரமே அந்த அங்கன்வாடிய மத்ததோட சேத்துடறேன்."

ராமபத்ரன் சார் ஸாதனாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "போய்ச் சேந்துடுத்து! மெசேஜ் போய்ச் சேந்துடுத்து!"

பேச வேண்டும். ஆனால் லிப்டில்தான் பேச வேண்டும் என்று பழக்கியிருந்தார்கள். அங்கே லிப்ட் இல்லை. இந்த வாரம் என்றால் பாக்கியாவின் துணியை எந்தப் பையில் வைப்பது என்றெல்லாம் புத்தி ஓடியது.

அந்த நேரம் பார்த்து வாசலில் ஒரே சத்தம். தன்யா டீச்சர் பிள்ளைகளையெல்லாம் ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்துக்கொள்ள வைத்து வரிசையாகக் கூட்டிக்கொண்டு வந்திருந்தாள். கையில் உப்புமாத் தூக்கு. "கசேர இங்கயாச்சே. குட்டிகளும் இங்க இருந்தே உப்புமா தின்னட்டும்" என்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தாள்.

பாக்கியா மீனைப் பார்த்துவிட்டாள். "யம்மா, எஞ்சேரு!" என்று கத்திக்கொண்டு கயிற்றுக்கு அடியில் புகுந்து ஓடினாள். அவ்வளவுதான். வரிசை சிதறியது. நிகில் கையை விரித்துக்கொண்டு, "தொடாதீங்க, தொடாதீங்க, இது கலை!" என்று அங்குமிங்கும் ஓடினான். அவன் காலுக்கிடையில் இரண்டு பிள்ளைகள் போயின. கண் மூடித் திறப்பதற்குள் எல்லா விளக்குக்கும் அடியில் ஒரு பிள்ளை. இடம் பற்றாமல் ஒரே நாற்காலியில் இரண்டு பேர் தள்ளிக்கொண்டிருந்தார்கள். பாக்கியா தட்டு எங்கே என்று கேட்டாள்.

சீதாலக்ஷ்மி மேடம் கைதட்ட ஆரம்பித்தார்கள். "அற்புதம்! இதையும் வச்சிருந்தேளா? என்ன இயல்பா நடிக்கறதுகள்! இந்தக் குழந்தைகள எங்கேந்து கூட்டிண்டு வந்தேள்?"

ஸாதனா ராமபத்ரன் சாரைப் பார்த்தாள். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "பங்கேற்புக் கலை" என்று ஆரம்பித்தார்.

என் பின்னாலிருந்து சீனியம்மாள் முதுகில் ஒரு குத்து விட்டாள். "இப்பச் சொல்லாம எப்பச் சொல்லப் போற?"

"மேடம்" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடியும், "மேடம், நடிக்கல மேடம். எங்க சந்துப் பிள்ளைங்க. இது எம் பொண்ணு. நாங்க எல்லாரும் கொடைக்கு ஊருக்குப் போயிருந்தோம். அப்ப வந்து எண்ணிட்டாங்க. இப்ப திரும்பி வந்தாச்சு" என்றேன்.

நிகில் கண்ணை மூடிக்கொண்டான்.

"அவ்வளவுதானா?" என்றார்கள் மேடம்.

"அவ்வளவுதான் மேடம்."

"இத ஏன் யாரும் எங்கிட்ட முன்னாடியே சொல்லல?"

ராமபத்ரன் சார் முன்னால் வந்தார். "அதுக்குத்தானே மேடம் இந்த நிகழ்ச்சியே."

மேடம் நல்லவர்கள் மதினி. அங்கேயே பாக்கியா பக்கத்தில் குனிந்து உட்கார்ந்து ஒரு வாய் உப்புமா வாங்கிக்கொண்டார்கள். அங்கன்வாடியை இப்போதைக்கு மூடவில்லை என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது. நாற்காலிகளை அன்றைக்கே நாங்கள் தலையில் தூக்கிக்கொண்டு வந்துவிட்டோம்.

ஆனால் பழைய கணக்கு சரியில்லை என்று அவர்கள் ஆபீசில் எழுத வழியில்லையாம். புதிதாக ஒருமுறை எண்ணத்தான் வழியாம். எண்ணி, பிள்ளைகள் இருந்தால் அங்கன்வாடி இங்கேயே இருக்கும். இல்லாவிட்டால் மூடிவிடுவார்கள், பிறகு பேச்சே கிடையாது. எப்போது எண்ணலாம் என்று மேடம் மையத்தையே கேட்டார்கள்.

ராமபத்ரன் சார் யோசிக்கவே இல்லை. "பழைய கணக்கோட ஒப்பிடணும்னா அதே வாரமாக்கும் எண்ணணும். போன வருஷம் ஆடியில ஒரு செவ்வாய். இந்த வருஷமும் ஆடியில அதே செவ்வாய். இல்லேன்னா அது சயன்ஸ் ஆகாது."

"சார், அன்னிக்குத்தான் கொடை" என்றேன்.

"அதேதான்! ஒண்ணும் மாறப்படாது. எல்லாம் போன தடவை மாதிரியே இருக்கணும்" என்று என்னைத் தட்டிக்கொடுத்தார்.

ஸாதனா மறுநாள் வீட்டுக்கே வந்தாள். லிப்ட் இல்லாமலே நான் எப்படிச் சொன்னேன் என்பதைப் பற்றி மையம் ஒரு பெரிய ஆராய்ச்சி செய்யப் போகிறதாம். அது முடிந்ததும் அதை ஜனங்களிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பார்களாம். பொதுஜனமாக இருக்க முடியுமா என்று கேட்டாள். சுக்கு சீசன் என்று சொல்லிவிட்டேன்.

சந்தில் எல்லோரும் கூடிப் பேசினோம். பிள்ளைக்காரிகள் மட்டும் இருந்துவிடலாம் என்றார் இவர். "அம்மனுக்கும் எண்ணத் தெரியும். கொடைக்கு யாரு யாரு வரலன்னு எண்ணி வச்சிருவா" என்றாள் சீனியம்மாள். அத்தோடு அந்த யோசனையை விட்டுவிட்டோம்.

அதனால்தான் மதினி, அண்ணனிடம் இதைக் கேட்டுச் சொல்லுங்கள். கோயில் கமிட்டியில் அண்ணன்தானே இருக்கிறார். கொடையை ஒரே ஒரு வாரம் தள்ளி வைக்க முடியுமா? ஆபீஸ் தேதி எக்காரணம் கொண்டும் மாறாது என்று சொல்லிவிட்டார்கள். அம்மனிடம் இன்னும் யாரும் கேட்கவில்லை. கொடைக்கு முந்தி சாமியாடி அருள் வந்து நிற்கும்போது அண்ணன் சுருக்கமாகச் சொன்னால் போதும். பிள்ளைகளை எண்ண வருகிறார்கள் தாயே, ஒரு வாரம் பொறுத்துக்கோ, எல்லோரையும் கூட்டிக்கொண்டு வந்துவிடுகிறோம் என்று.

தேதி வைத்தது தப்பு என்று மட்டும் அண்ணன் வாயில் வந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பெரிய இடத்தில் அந்த வார்த்தையைச் சொன்னால் அப்புறம் காது கேட்காதாம்.